காய்ப் பலியை இன்ஜின் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

செஸ் இன்ஜின்கள், அதாவது செஸ் ஆடும் மென்பொருள்கள், மனிதர்களை எப்போதோ தாண்டிப் போய்விட்டன. ஆனாலும் சில நிலைகளில், காயைச் சும்மா தூக்கிக் கொடுப்பதுபோல் தெரிகிற ஒரே ஒரு நகர்த்தல்தான் வெற்றி தரும். அதைக் கண்டுபிடிக்க நல்ல இன்ஜினுக்கும் நேரம் பிடிக்கும். எந்த இன்ஜின் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறது என்று அளந்து பார்ப்பது செஸ் ஆர்வலர்களுக்கு ரொம்ப காலமாகப் பிடித்த வேலை. வீட்டுக் கணினி ஒன்று போதும், மென்பொருள்களும் இலவசம்தான். ஆனால் ஏனோதானோவென்று செய்தால் கிடைக்கிற எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே இன்ஜின், ஒரே நிலை, ஒரே கணினி. காலையில் பத்து நொடி, மாலையில் ஒரு நிமிடம் என்று காட்டும். ஏன் அப்படி, அதை எப்படிச் சமாளிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: சோதனைக்கு ஏற்ற நிலை

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே நிலைதான். 1998-ல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் நடந்த போட்டியில் வெசலின் டோபலோவும் அலெக்ஸெய் ஷிரோவும் ஆடிய ஆட்டம். ஷிரோவுக்குக் கறுப்பு. 47-ஆவது நகர்த்தலுக்கு முன்னால் பலகையில் பத்தே காய்கள்:

வெள்ளை: ராஜா ஜி1, மந்திரி (பிஷப்) சி3, சிப்பாய்கள் ஜி2, ஹெச்4.
கறுப்பு: ராஜா ஈ6, மந்திரி எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6.
ஆட வேண்டியது கறுப்பு.

இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் இந்த நிலையைப் பலகையில் அடுக்கிக் கொஞ்ச நேரம் பாருங்கள். கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள் கூடுதல். ஆனால் ஒருவருடைய மந்திரி கறுப்புக் கட்டங்களிலும் மற்றவருடையது வெள்ளைக் கட்டங்களிலும் ஓடுகிறது. இந்த மாதிரி எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்), இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிராவில் முடிவது சகஜம். இங்கே எல்லாம் ஈ4 கட்டத்தில் இருக்கிறது. கறுப்பு ராஜா அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் டி சிப்பாயும் ஏ சிப்பாயும் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் வெள்ளை ராஜா எஃப்2 வழியாக ஈ3-க்கு வந்து நின்றுவிட்டால் வழி அடைபட்டுவிடும்.

கறுப்பு ராஜாவால் ஈ5 வழியாகப் போக முடியாது. சி3 மந்திரி அந்தக் கட்டத்தைக் குறிவைத்திருக்கிறது. எஃப்5 வழியாகத்தான் போக வேண்டும், அங்கே நிற்பதோ சொந்த மந்திரி. அதை வேறெங்காவது நகர்த்தி வழிவிட்டால், அந்த ஒரு நகர்த்தலுக்குள் வெள்ளை ராஜா எஃப்2-க்கு வந்துவிடும், அடுத்ததில் ஈ3. ஈ4-க்கே நகர்த்தினால் ராஜாவுக்கு வேண்டிய கட்டத்தில் மந்திரி போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஷிரோவ் மந்திரியை ஹெச்3-க்கு நகர்த்தினார். ஜி2 சிப்பாய் அதை அப்படியே வெட்டலாம். வெட்டினால் கறுப்பு ராஜா எஃப்5, பிறகு ஈ4. அதற்குள் வெள்ளை ராஜா எஃப்2-க்குத்தான் வந்திருக்கும், ஈ3 பறிபோய்விட்டது. வெட்டாமல் உடனே ராஜாவை எஃப்2-க்குக் கொண்டுவந்தால்? கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்3 என்று வந்து ஈ4-ஐக் காக்கும். அப்போது மந்திரி ஜி2 சிப்பாயைச் செக்கோடு வெட்டுகிறது. ராஜா மந்திரியை வெட்டியதும் ஈ4 மறுபடி திறந்துவிடுகிறது. எந்தப் பக்கம் போனாலும் கறுப்புக்கு வேண்டிய அந்த ஒரு நகர்த்தல் மிச்சமாகிறது. டோபலோவ் மந்திரியை வெட்டினார்; கறுப்பின் 53-ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சோதிக்கிறவருக்கு நிலை புரிந்திருக்க வேண்டும். புரிந்தால்தான் இன்ஜின் சரியான நகர்த்தலைத் தப்பான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும்.

இன்ஜின் ஏன் திணறுகிறது

இன்ஜின் எல்லா நகர்த்தல்களையும் ஒரே ஆழத்துக்கு, அதாவது ஒரே அளவு நகர்த்தல்கள் முன்னோக்கி, பார்ப்பதில்லை. பார்த்தால் கட்டுப்படியாகாது. அதனால் வெட்டிக் குறைக்கப் பல உத்திகள் வைத்திருக்கிறது. முதலில் நகர்த்தல்களை வரிசைப்படுத்தும். வெட்டுகள், முன்னால் பலன் கொடுத்தவை எல்லாம் மேலே வரும். கீழே கிடப்பவற்றைக் குறைந்த ஆழத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, தேறாது என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடும். ஒரு கட்டத்தில் நடக்கும் வெட்டு, மறுவெட்டுகளைக் கூட்டிக் கழித்து, காய் நஷ்டம் என்றால் அந்தக் கிளையையே தவிர்க்கும். "என் முறையை விட்டுக்கொடுத்தாலும் நான் நன்றாகவே இருக்கிறேன்" என்று தெரிந்தால் அதற்கு மேல் தேடாமல் நிறுத்திக்கொள்ளும்.

மந்திரி ஹெச்3 இந்த வலைகளில் மாட்டுவதற்கென்றே பிறந்த நகர்த்தல். செக் இல்லை, வெட்டு இல்லை, காய் நஷ்டம் கண்ணெதிரே தெரிகிறது. லாபமோ பல நகர்த்தல்கள் தள்ளி, சிப்பாய்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் மந்திரி போனதோடு கதை முடிந்தது. ஆழம் கூடக் கூடத்தான் அந்தக் கிளைக்கும் போதுமான ஆழம் கிடைக்கும். அதனால்தான் அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு இது பெரிய சவாலாக இருந்தது. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் போன்றவை பதிப்பையும் கணினியையும் பொறுத்து நொடிகளிலோ நிமிடங்களிலோ பிடித்துவிடுகின்றன.

இரண்டாம் படி: விடை ஒன்றுதானா?

வேறு நிலையை நீங்களே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். புகழ்பெற்ற பலி எல்லாமே வெற்றி தரும் பலி இல்லை. 1999-ல் வைக் ஆன் ஸே போட்டியில் டோபலோவுக்கு எதிராக காஸ்பரோவ் 24-ஆவது நகர்த்தலில் டி4-ல் யானையை (ரூக்) கொடுத்தது உலகம் கொண்டாடிய பலி. ஆனால் டோபலோவ் அதைச் சிப்பாயால் வெட்டியதுதான் வினை. ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் தாக்குப்பிடித்திருக்கலாம். ஆட்டமாகப் பார்த்தால் அது அற்புதம்தான். சோதனைக்கு மட்டும் ஆகாது. அந்த நகர்த்தலைத் தேர்ந்தெடுக்காத இன்ஜினை மட்டம் என்று சொன்னால் அது அநியாயம்.

சரிபார்ப்பது எளிது. பலமான இன்ஜின் ஒன்றை, முதல் மூன்று நகர்த்தல்களைச் சேர்த்துக் காட்டும் மல்டிபிவி முறையில் வைத்து, நீண்ட நேரம் ஓட விடுங்கள். சரியான விடைக்கும் அடுத்ததற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்க வேண்டும்: ஒன்று வெற்றி, மற்றவை டிரா அல்லது தோல்வி. இரண்டு நகர்த்தல்கள் ஜெயிக்கின்றன என்றால் அந்த நிலையைத் தூக்கிப் போடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கூடவே ஒரு சுலபமான நிலையையும் வைத்துக்கொள்ளுங்கள். 1956-ல் டொனால்ட் பர்னுக்கு எதிராக 13 வயது பாபி ஃபிஷர் 17-ஆவது நகர்த்தலில் மந்திரியை ஈ6-க்கு நகர்த்தி ராணியையே கொடுத்தாரே, அது நல்ல தேர்வு. இன்றைய இன்ஜின்கள் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் பார்த்துவிடும். உங்கள் இன்ஜின் அதிலேயே தடுமாறினால் நிலையைத் தப்பாக உள்ளிட்டிருக்கிறீர்கள், அல்லது அமைப்பில் ஏதோ கோளாறு.

மூன்றாம் படி: இன்ஜினைத் தயார் செய்வது

அரீனா, க்யூட் செஸ் போன்ற ஏதாவது ஒரு இடைமுகத்தில் (பலகையைத் திரையில் காட்டி இன்ஜினை இயக்கும் மென்பொருள்) இன்ஜினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உலாவிக்குள்ளேயே ஓடும் இன்ஜினில் செய்யாதீர்கள்; அதன் வேகம் குறைவு, அமைப்புகளும் முழுசாக நம் கையில் இருக்காது. ஸ்டாக்ஃபிஷ் ஒவ்வொரு வகை பிராசஸருக்கும் தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கிறது. உங்கள் பிராசஸருக்குச் சரியானதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணினிக்கான கோப்பைப் புதியதில் ஓட்டினால் வேகம் வீணாகும்.

அப்புறம் அமைப்புகள். த்ரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் தேடல்) எண்ணிக்கையை ஒன்று என்று வையுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான ஒற்றை அமைப்பு. பல த்ரெட்டுகள் சேர்ந்து தேடும்போது, ஒன்று கண்டதை மற்றது எப்போது படிக்கிறது என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். தேடல் போகும் பாதையும் மாறிவிடும். காலையில் பத்து நொடி, மாலையில் ஒரு நிமிடம் என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரே த்ரெட்டில், காலி ஹேஷுடன் (இது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) தொடங்கினால், ஸ்டாக்ஃபிஷ் ஒவ்வொரு முறையும் அதே பாதையில் போகும். நேரம் லேசாகக் கூடிக் குறைந்தாலும் பார்த்த நிலைகளின் எண்ணிக்கை மாறாது.

ஹேஷ் என்பது இன்ஜின் ஏற்கெனவே பார்த்த நிலைகளைக் குறித்து வைக்கும் நினைவகம். ஒரு த்ரெட்டுக்குச் சில நூறு மெகாபைட் கொடுத்தால் சில நிமிடத் தேடலுக்குப் பெரும்பாலும் போதும். இடைமுகத்தில் ஹேஷ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். விடை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே முழுசாக நிரம்பிவிட்டால் அளவைக் கூட்டுங்கள். எல்லா இன்ஜினுக்கும் ஒரே அளவு என்பது கட்டாயம்.

மல்டிபிவியை ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். ஓப்பனிங் புத்தகம் (தொடக்க நகர்த்தல்களின் தயார் தொகுப்பு) வேண்டாம். எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். எண்ட்கேம் டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்த தொகுப்பு) விஷயத்தில் ஒரு முடிவு எடுத்து, அதை எழுதி வையுங்கள். சிஸிஜி டேபிள்பேஸ்கள் ஏழு காய்கள் வரையிலான நிலைகளுக்கு உண்டு. ஷிரோவ் நிலையில் பத்துக் காய்கள் இருந்தாலும், மூன்றே வெட்டுகளில் தேடல் அந்த எல்லைக்குள் போய்விடும். ஆகவே டேபிள்பேஸ் உள்ள இன்ஜினையும் இல்லாததையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வேறு எதையோ. புதியவர்கள் அதை அணைத்தே தொடங்கலாம்.

மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிடுங்கள். சூடேறினால் வேகம் தானாகக் குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். மற்ற நிரல்களை மூடிவிட்டு, ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் ஆற விடுங்கள்.

நான்காம் படி: ஓட்டுவது

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஹேஷைக் காலி செய்யுங்கள். அதற்குப் பொத்தான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் இன்ஜினை மூடி மறுபடி திறந்துவிடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. விடை தெரிந்த ஆர்வத்தில் மந்திரியை ஹெச்3-க்கு நகர்த்தி, இன்ஜின் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, ஒரு நகர்த்தல் பின்னால் வந்து சோதனையைத் தொடங்குவார்கள். இன்ஜின் உடனே விடையைச் சொல்லிவிடும். ஆகா என்று வியக்க அதில் ஒன்றுமில்லை. பலிக்குப் பிந்தைய நிலைகள் எல்லாம் ஹேஷில் ஏற்கெனவே இருக்கின்றன, விடையை நாமே ஊட்டிவிட்டோம். நம்ப முடியாத வேகத்தில் தீர்த்துவிட்டதாகச் சொல்லப்படும் பல முடிவுகளுக்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கும்.

நிலையை ஃபென் வரியாக (பலகை நிலையை ஒரே வரியில் எழுதும் முறை) உள்ளிடும்போது யாருடைய முறை என்பதைச் சரியாகக் கொடுங்கள். முறை மாறினால் எல்லாமே மாறிவிடும். எல்லை நேரம் ஒன்றை முன்கூட்டியே தீர்மானியுங்கள். ஒரு த்ரெட்டுக்குப் பத்து நிமிடம் நியாயமானது. பிறகு முடிவில்லாத் தேடலைத் தொடங்கிவிட்டு, இன்ஜின் வெளியிடும் வரிகளைப் பாருங்கள். எல்லை வரும் வரை நிறுத்த வேண்டாம், விடை வந்த பிறகும்கூட.

ஐந்தாம் படி: எந்த நேரத்தைக் குறிப்பது?

பலரும் அவசரப்படுவது இங்கேதான். "கண்டுபிடித்த நேரம்" என்று ஒன்றைச் சொல்கிறோம், ஆனால் அதில் மூன்று நேரங்கள் இருக்கின்றன.

விடை முதன்முதலில் மேலே வந்த நேரம் ஒன்று. அதற்குப் பிறகு மாறாமல் கடைசிவரை நிலைத்த நேரம் இரண்டாவது. யார் எவ்வளவு முன்னிலையில் என்று இன்ஜின் சொல்லும் மதிப்பெண் எகிறி, இது வெற்றி என்று அது உணர்ந்ததைக் காட்டும் நேரம் மூன்றாவது. கற்பனையாக ஒரு ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். 12-ஆவது நொடியில் மந்திரி ஹெச்3 மேலே வருகிறது. மதிப்பெண் முன்பிருந்த அளவிலேயே இருக்கிறது. 15-ஆவது நொடியில் வேறொரு நகர்த்தல் அதைத் தள்ளிவிடுகிறது. 41-ல் மந்திரி திரும்பி வந்து அப்படியே நிற்கிறது. 70-ஆவது நொடியில் மதிப்பெண் இரண்டு மடங்குக்கு மேல் எகிறுகிறது. 12 என்று எழுதினால் அது பொய். அப்போது இன்ஜின் பலியைப் புரிந்துகொள்ளவில்லை. ஏறக்குறைய சமமான நகர்த்தல்களுக்கு நடுவே தற்செயலாகத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் 41-ஐ விடையாகவும் 70-ஐப் பக்கத்தில் தனியாகவும் எழுதுவேன். நிலைத்த நேரத்தைக் குறிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எல்லை வரை ஓடவிடச் சொன்னேன்.

அந்த நொடியில் இன்ஜின் காட்டும் தொடர்ச்சியையும் படியுங்கள். சிப்பாய் மந்திரியை வெட்டி, ராஜா எஃப்5, ஈ4 என்று போகிறதா? போனால் சந்தேகமே வேண்டாம்.

சில வரிகளில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய குறி இருக்கும். "எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது, எவ்வளவு என்று இன்னும் பார்க்கவில்லை" என்பது அதன் பொருள். பலி நகர்த்தல் பெரும்பாலும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். அதையும் தோன்றிய நேரமாகக் கணக்கில் எடுக்கலாம். ஆனால் எல்லா இன்ஜினுக்கும் அதே விதியை வைத்திருங்கள்.

மதிப்பெண்ணின் பிளஸ், மைனஸிலும் குழம்பிவிடாதீர்கள். இன்ஜின் தன் முறைக்காரர் பக்கத்திலிருந்து மதிப்பெண் சொல்லும். சில இடைமுகங்கள் அதை வெள்ளையின் பார்வைக்கு மாற்றிக் காட்டும். ஷிரோவ் நிலையில் கறுப்பின் முறை என்பதால் ஒன்றில் பிளஸ் 5, மற்றதில் மைனஸ் 5 என்று வந்தால் இரண்டும் ஒன்றேதான்.

நொடியோடு நிறுத்தாமல், அப்போதைய ஆழத்தையும், பார்த்த நிலைகளின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த எண்ணிக்கையை நோடு என்பார்கள். உங்கள் கணினியும் நண்பருடைய கணினியும் வேறு வேறு என்றால் நொடிகளை ஒப்பிட முடியாது. ஒரே இன்ஜினின் ஒரே பதிப்பு என்றால் நோடுகளை ஒப்பிடலாம். வெவ்வேறு இன்ஜின்களுக்கு நடுவே நோடும் உதவாது. ஸ்டாக்ஃபிஷ் ஒரு நொடிக்கு லட்சக்கணக்கில், பல த்ரெட்டில் கோடிக்கணக்கில் நிலைகளைப் பார்க்கும். பெரிய நியூரல் நெட்வொர்க்கை நம்பித் தேடும் லீலா என்ற இன்ஜின் அதில் சிறு பகுதியைத்தான் பார்க்கும், ஒவ்வொன்றையும் எடைபோடுவதில் அதிகம் செலவழிக்கும். ஆழக் கணக்கும் அப்படியே; ஒன்றின் 30 மற்றதன் 30 இல்லை. இன்ஜின்களுக்கு இடையே ஒப்பிட, ஒரே கணினியில் ஓடிய நேரம் ஒன்றுதான் பொதுவான அளவு. லீலாவுக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பதால் அதிலும் முழு நியாயம் கிடைக்காது.

பல த்ரெட்டுகளில் சோதிக்கும்போது

ஒரு த்ரெட் சோதனை கைவந்த பிறகு, கணினியின் முழுப் பலத்தையும் பார்க்க ஆசை வரும். தாராளமாகச் செய்யுங்கள். அப்போது ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது. குறைந்தது ஐந்து முறை, முடிந்தால் பத்து முறை, ஒவ்வொரு தடவையும் ஹேஷைக் காலி செய்து ஓட்டுங்கள். சராசரியை எடுக்காதீர்கள். ஒரு ஓட்டம் வழிதவறி ஒன்பது நிமிடம் எடுத்தால் சராசரி கெட்டுவிடும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வருவதை எடுங்கள். எல்லைக்குள் தீர்க்காத ஓட்டத்தைப் பட்டியலின் கடைசியில் "தீரவில்லை" என்று வையுங்கள். பத்து நிமிடம் என்று எழுதாதீர்கள்.

மல்டிபிவியையும் இப்போது சோதித்துப் பார்க்கலாம். நான்கைந்து நகர்த்தல்களைச் சேர்த்துக் காட்டச் சொன்னால் ஒவ்வொன்றையும் இன்ஜின் ஒழுங்காகத் தேட வேண்டியிருக்கும். மொத்த வேகம் குறையும், ஆனால் ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கும் பலி நகர்த்தலுக்கும் நல்ல ஆழம் கிடைத்துவிடும். அதனால் சில நிலைகளில் விடை முன்பைவிடச் சீக்கிரமே வந்துவிடும். சொந்த ஆட்டங்களை அலசும்போது, இன்ஜின் எதையோ தவறவிடுகிறது என்று தோன்றினால் இந்த வழி நன்றாக உதவும். அதன் நேரங்களை மட்டும் தனிப் பட்டியலில் வையுங்கள்.

முடிவுகளை எப்படிப் படிப்பது

ஒரு நிலையில் வேகமாகத் தீர்த்த இன்ஜின் ஆட்டத்திலும் பலமானது என்று முடிவு கட்டாதீர்கள். இன்ஜினை வடிவமைக்கிறவர்கள் எதையும் வெட்டாமல் தேட விட்டால் இந்த மாதிரிப் பலிகள் சீக்கிரம் கிடைக்கலாம். ஆனால் சாதாரண நிலைகளில் ஆழம் குறைந்து ஆட்டங்களைத் தோற்கும். ஸ்டாக்ஃபிஷில் ஒரு மாற்றத்தை ஏற்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பில் ஆயிரக்கணக்கில் ஆடப்படும் ஆட்டங்கள்தான். புதிர்களைத் தீர்க்கும் வேகத்தை வைத்து ஏற்பதில்லை. ஆகவே புதிய பதிப்பு ஷிரோவ் நிலையில் பழையதைவிட மெதுவாக இருந்தால் பதறாதீர்கள். நகர்த்தல்களை வரிசைப்படுத்தும் விதத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலே ஒரு நிலையின் நேரம் தலைகீழாகும்.

பலி கண்டுபிடிக்கும் திறமையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நிலைகளைக் கூட்டுங்கள். முப்பது நாற்பது நிலைகள் சேர்ந்தால் பேசலாம். ராஜாவைத் தாக்கும் பலி, சிப்பாயை ஓடவிடும் பலி, டிராவைத் தவிர்க்கும் பலி என்று கலந்து வையுங்கள். ஒரே வகையாக இருந்தால் அந்த வகையை மட்டும்தான் அளக்கிறீர்கள். 1982-ல் வெளிவந்த பிராட்கோ–கோபெக் தொகுப்பில் 24 நிலைகள். பாதி தந்திரத்துக்கு, பாதி சிப்பாய் அமைப்பைப் பற்றிய அறிவுக்கு. அந்தக் கலவை யோசித்துச் செய்தது. ஆனால் இன்றைய இன்ஜின்களுக்கு அது ரொம்பவே சுலபம்.

நிலைகளை இபிடி வடிவத்தில் ஒரே கோப்பில் சேமித்தால், இடைமுகமே ஒவ்வொன்றாக ஓட்டி நேரத்தைக் குறித்துத் தரும். ஒவ்வொரு வரியிலும் நிலையும் அதற்கான சரியான நகர்த்தலும் இருக்கும். தானாக ஓட்டும்போது இடைமுகம் எதைத் தீர்வாக எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள். சிலவற்றில், விடை இரண்டு மூன்று ஆழங்கள் தொடர்ந்து நின்றாலே தீர்ந்ததாக எண்ணி அடுத்ததற்குப் போகும் வசதி இருக்கும். வேகமாக முடியும், ஆனால் நிலைத்த நேரம் கிடைக்காது. அந்த வசதியை அணைத்துவிட்டு, எல்லை வரை ஓட விட்டு, காலையில் வந்து பாருங்கள். முடிவுப் பட்டியலின் மேலே இன்ஜினின் பெயரும் பதிப்பும், த்ரெட், ஹேஷ், டேபிள்பேஸ், பிராசஸர், எல்லை நேரம் ஆகிய எல்லாமும் எழுதியிருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது அதே கோப்பை அதே அமைப்பில் ஓட்டி, நேரங்களை அடுத்த நெடுவரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.